காவியுடையும் கண்டிக் கிளர்ச்சிகளும்: சப்ரகமுவ மலைகளிலிருந்து ஒரு நோக்கு

இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிகள் இரண்டு வரலாற்று நூல்களில் முதன்மையிடம் பெறுகின்றன. ஒன்று 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் மூண்ட பெருங்கிளர்ச்சி. மற்றையது 1848இல் மாத்தளையிலும் குருணாகலிலும் நிகழ்ந்த எழுச்சி. முன்னதைக் கூறுமிடத்துக் கெப்பெட்டிபொலவின் பெயரும், பின்னதைக் கூறுமிடத்துப் புரன் அப்பு, கொங்காலகொட பண்டா ஆகியோரின் பெயர்களும் முன்னிற்கின்றன. இவர்களுக்குப் பக்கத்தில், இரு கிளர்ச்சிகளிலும் தவறாது காணப்படும் மற்றோர் உருவம் பௌத்த பிக்குவினுடையது. படை நடத்தாத, வாளேந்தாத அத்துறவி கிளர்ச்சியில் ஆற்றிய பணி யாது? ஆட்சியாளர் அவரைக் கண்டு அஞ்சியது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றைச் சப்ரகமுவவில் நின்று நோக்குவதற்குக் காரணம் உண்டு. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் இன்று தேயிலையும் இறப்பரும் நிற்கின்றன. அவற்றிடையே உள்ள லயங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். பிக்குவின் கிளர்ச்சியும் தொழிலாளியின் வருகையும் வெவ்வேறு வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. உண்மையில் இரண்டையும் இணைப்பது மண் என்னும் ஒரே பொருளாகும்.

சங்கமும் முடியும்

கண்டி இராச்சியத்தில் மன்னன் பௌத்த சங்கத்தின் காவலன். சங்கமோ மன்னனின் உரிமைக்குச் சான்று கூறும் நிறுவனம். புத்தரின் புனித தந்தம் எவரிடம் உள்ளதோ அவரே நாட்டை ஆளும் உரிமையுடையவர் என்பது மக்களின் உறுதியான நம்பிக்கை. ஆகவே தலதா மாளிகை வழிபாட்டிடமாக மட்டுமன்றி, அரசுரிமையின் இருப்பிடமாகவும் விளங்கிற்று. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் மன்னர்கள் வழங்கிய நிலங்கள் பரந்தவை. அந்நிலங்களிற் பயிர்செய்த குடிகள் விகாரைக்குச் சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். இதனால் பிக்குவின் சொல் கிராமத்தின் அடிமட்டம் வரை செல்லக்கூடியதாயிருந்தது.

1739ஆம் ஆண்டு முதல் கண்டியின் அரியணை தென்னிந்தியத் தொடர்புடைய நாயக்கர் வமிசத்துக்கு உரியதாயிற்று. அவ்வமிசத்தின் இரண்டாம் மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் பௌத்தத்துக்குச் செய்த தொண்டு பெரிது. 1753இல் சியாம் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதை மரபைப் புதுப்பித்தவன் அவனே. அவ்வாறிருந்தும், 1760இல் அவனைக் கொல்லத் திட்டமிட்ட சதியில் பிரதானிகளோடு பிக்குகளும் சம்பந்தப்பட்டிருந்தனர். சங்கராஜர் வெலிவிட்ட சரணங்கரர் கூட அதன் தொடர்பிற் காவலில் வைக்கப்பட்டார். மன்னன் சைவ ஒழுக்கத்தைக் கைவிடாது திருநீறு அணிந்தான் என்பது அவன்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. முடியை வழங்கும் சங்கம் முடியை மறுக்கவும் வல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும். இந்நிகழ்ச்சியை நினைவிற் கொண்டால் 1817இல் நடந்ததன் பொருள் நன்கு புலப்படும்.

1815: சப்ரகமுவவின் பங்கு

கண்டியின் வீழ்ச்சியிற் சப்ரகமுவ வகித்த இடம் சிறிதன்று. 1814இல் மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனுக்கு எதிராக எழுந்த எகலபொல அப்போது சப்ரகமுவவின் திசாவையாக இருந்தவர். அவரது எழுச்சி தோல்வியுற, அவர் கொழும்பிலிருந்த ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். அவருடைய மனைவி மக்கள் கண்டியிற் கொடூரமாகக் கொல்லப்பட்டனர். 1815 பெப்ரவரி 18இல் மன்னனை மெதமகாநுவரப் பகுதியிற் சிறைப்பிடித்தவர்கள் சப்ரகமுவவைச் சேர்ந்த எக்னெலிகொடவின் ஆட்கள். நாலு கோறளையின் திசாவையாயிருந்த மொல்லிகொடவும் இறுதிவேளையில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாயக்கர் வமிசத்தின் அரசுரிமை அதிலே முற்றாக நீக்கப்பட்டது. பௌத்த சமயமும் அதன் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணிக் காக்கப்படும் என்று ஐந்தாம் உறுப்புரை உறுதி கூறியது. பிரதானிகளும் பிக்குகளும் புதிய ஆட்சியை ஏற்றுக்கொண்டது பெரிதும் இவ்வுறுதிமொழியை நம்பியே எனலாம். அன்றே, உடன்படிக்கை நிறைவேறுமுன் ஏற்றப்பட்ட ஆங்கிலக் கொடியை வாரியப்பொல ஸ்ரீ சுமங்கல தேரர் இறக்கி எறிந்தார் என்னும் கதை சிங்கள மக்களிடையே இன்றும் வழங்கி வருகின்றது. அது வரலாறாயினும் மரபுக் கதையாயினும், பிக்குவை எதிர்ப்பின் முதற்குரலாக மக்கள் நினைவில் நிறுத்தியிருப்பது கருதத்தக்கது.

துரைசாமி என்னும் பெயர்

உடன்படிக்கை நிறைவேறி இரண்டரை ஆண்டுகள் கழியுமுன் ஊவாவிற் கிளர்ச்சி மூண்டது. அதன் தலைவனாக வெளிப்பட்டவன் வில்பாவே. அவன் முன்னாட் பிக்கு. ஆனால் அவன் தன்னை நாயக்கர் அரச குலத்தவனான துரைசாமி என்று கூறிக்கொண்டான். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர் மன்னனின் திருநீற்றைக் குறையாகச் சுட்டிய அதே சமுதாயம், இப்போது ஒரு தமிழ்ப் பெயருக்குரியவனை மன்னனாக ஏற்க முன்வந்தது. அந்நியர் ஆட்சியை நீக்குதற்கு மக்கள் வேண்டியது முறையான அரசுரிமை. அவ்வுரிமை அவர்கள் அறிந்தவரை நாயக்கர் குலத்திலேயே இருந்தது. சுதேசி, விதேசி என்னும் எல்லைக்கோட்டை அக்காலத்து மக்கள் பிற்காலத்தவர் வரைந்த இடத்தில் வரையவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

கிளர்ச்சியை அடக்குமாறு தேசாதிபதி பிரவுண்றிக் அனுப்பிய கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். அதன் பின்னர் போர் பல மாகாணங்களிற் பரவியது. பிக்குகளின் பங்கு இக்கட்டத்திற் கூர்மை பெற்றது. புனித தந்தம் கண்டியிலிருந்து இரகசியமாக வெளியே கொண்டுசெல்லப்பட்டது. வாரியப்பொல தேரரின் பெயர் இச்செயலோடு இணைத்துக் கூறப்படுகின்றது. இதனாற் கிளர்ச்சி ஒரு நாட்டின் போராகத் தகுதி பெற்றது. ஆங்கிலப் படை ஊர்களை எரித்தது, பயிர்களை அழித்தது. 1818இன் இறுதிப் பகுதியிற் கெப்பெட்டிபொலவும் மடுகல்லையும் பிடிபட்டு, நவம்பர் 26இற் கண்டியில் தலை துண்டிக்கப்பட்டனர். தந்தமும் மீண்டும் ஆங்கிலேயர் கைப்பட்டது. அக்காலத்தில் இலங்கையிலிருந்த மருத்துவர் ஜோன் டேவி, தந்தம் மீட்கப்பட்டதை மக்கள் போர்க்கள வெற்றிகளினும் பெரிதாக மதித்தனர் என்றும், இனி ஆங்கிலேயரே நாட்டின் அதிபதிகள் என்று எண்ணத் தலைப்பட்டனர் என்றும் எழுதியுள்ளார். பிக்குவின் படைக்கலம் எது என்பதை இக்குறிப்பு தெளிவாக உணர்த்துகின்றது.

இக்கிளர்ச்சியிற் சப்ரகமுவவும் மூன்று கோறளையும் நாலு கோறளையும் பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கமே நின்றன. மொல்லிகொடவின் செல்வாக்கு கொழும்புக்கும் கண்டிக்கும் இடையிலான வழியைத் திறந்து வைத்திருந்தது. 1818 நவம்பர் 21இல் வெளியான பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறுக்கியது. நெல்வரியைப் பத்தில் ஒன்றென விதித்து, விசுவாசமாக நின்ற பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்றாகக் குறைத்தது. சமயத்துக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பும் முன்னைய உறுதியோடு கூறப்படவில்லை. ஆகவே பிக்குகள் அனைவரும், அல்லது மலைநாட்டார் அனைவரும், ஒருமுகமாகக் கிளர்ந்தெழுந்தனர் என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

வீதியும் கோப்பியும்

அடுத்த முப்பது ஆண்டுகளில் மலைநாட்டின் தோற்றமே மாறிற்று. 1820இல் தேசாதிபதி பார்ன்ஸ் காலத்திற் கொழும்பு - கண்டி வீதி தொடங்கப்பட்டது. நாலு கோறளையை ஊடறுத்துக் கடுகண்ணாவையின் பாறைகளைக் குடைந்து சென்ற அவ்வீதி, இராச்சியத்தின் இயற்கை அரணை இல்லாமற் செய்தது. 1833இற் கண்டி மாகாணங்கள் துண்டாடப்பட்டுக் கரையோர மாகாணங்களோடு சேர்க்கப்பட்டன. சப்ரகமுவ தனி மாகாணமாக மீண்டும் உருவாவதற்கு 1889ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மிக முக்கியமானது. உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலம், தரிசு நிலம், சேனை நிலம் ஆகியவை முடிக்குரியன எனக் கொள்ளப்பட்டன. கிராமத்தவன் தன் பாட்டன் காலந்தொட்டுச் சேனை செய்த நிலத்துக்கு ஓலையோ கடுதாசியோ வைத்திருக்கவில்லை. அவ்வாறு முடிக்குரியதான நிலம் குறைந்த விலையில் ஆங்கில அதிகாரிகளுக்கும் முதலாளிகளுக்கும் விற்கப்பட்டது. அங்கே கோப்பி நடப்பட்டது. கிராமத்தவர் தோட்டக் கூலிகளாக மாற விரும்பாமையால், வேலைக்கு ஆட்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துவந்த அம்மக்களுள் நோயாலும் பட்டினியாலும் மடிந்தோர் பல்லாயிரவர். ஒரே தோட்டத்தின் பொருட்டு ஒருவன் நிலமிழந்தான், மற்றொருவன் உயிரிழந்தான்.

இதே காலத்திற் சமயத்துறையிலும் முறிவு ஏற்பட்டது. ‘விக்கிரகாராதனை’க்கு அரசு துணைபோகலாகாது என்ற மிசனரிமாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, பிக்குகளின் நியமனங்களை உறுதிசெய்வதிலிருந்து அரசு விலகிக்கொண்டது. 1847இற் புனித தந்தத்தின் காவற்பொறுப்பையும் கைவிட்டது. சமயத்தைக் காப்பதாக 1815இற் சொன்ன அரசு தானே சொல்லை மீறியது என்று பிக்குகள் எண்ணினர். காவலை விட்ட கையில் அரசுரிமை எஞ்சியிருக்குமோ என்ற ஐயம் பொதுமக்களிடமும் எழுந்தது.

1848

1847இற் பதவியேற்ற தேசாதிபதி டொரிங்டன், கோப்பி விலை வீழ்ந்து வருவாய் சுருங்கிய வேளையிற் புதிய வரிகளை விதித்தார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கும் வள்ளத்துக்கும் வரி. இவற்றோடு வீதிச் சட்டமும் வந்தது. வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. சிலிங்கைக் காண்பதே அரிதாயிருந்த கிராமத்தவனுக்கு இது பெருஞ்சுமை.

பிக்குகளுக்கோ இச்சட்டம் சுமையாக மட்டும் அமையவில்லை. அவர்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்படவில்லை. விநய விதிப்படி பிக்கு மண்ணைத் தோண்டலாகாது. பொன்னையும் வெள்ளியையும் கையேற்கவும் ஆகாது. வீதிச் சட்டமோ மண்ணை வெட்டு அல்லது வெள்ளியைக் கொடு என்றது. எவ்வழிச் செல்லினும் விதி மீறப்படும் நிலையில் துறவி நிறுத்தப்பட்டார். பிற்காலத்திற் பிக்குகளுக்கு விலக்களிக்க ஆட்சியாளரே உடன்பட்டமை இக்குறையின் நியாயத்தை ஒப்புக்கொண்டதாகும்.

1848 யூலை 6இல் மக்கள் கண்டிக் கச்சேரியின்முன் திரண்டு முறையிட்டனர். பயன் விளையவில்லை. யூலை 26இற் தம்புள்ளை விகாரையிற் கொங்காலகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். அபிடேகம் செய்து வைத்தவர் விகாரையின் தலைமைக் குருவான கிராணேகம தேரர். கொங்காலகொட பண்டா பேலியகொடையிற் பிறந்தவன். புரன் அப்பு மொறட்டுவையைச் சேர்ந்தவன். இருவரும் கரைநாட்டுச் சாதாரண குடும்பத்தவர். 1818இன் பின்னர் பிரதானிகளிற் பலர் ஒடுக்கப்பட்டோ அரச உத்தியோகம் பெற்றோ அடங்கிவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வந்தோருக்குக் குலமும் இல்லை, பதவியும் இல்லை. விகாரையின் ஆசி ஒன்றே அவர்களுக்குத் தகுதி வழங்க வல்லதாயிருந்தது. இவ்வகையில் 1818இலும் பார்க்க 1848இற் பிக்குவின் பங்கு இன்றியமையாததாயிற்று எனலாம்.

யூலை 28இற் கிளர்ச்சியாளர் மாத்தளையிற் புகுந்து அரச கட்டடங்களைத் தாக்கினர். மறுநாளே ஆங்கிலப் படை அவர்களைச் சிதறடித்தது. அன்று கண்டியிலும் யூலை 31இற் குருணாகலிலும் படைச்சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. கிளர்ச்சி உண்மையிற் சில நாட்களில் முடிந்துவிட்டது. ஆங்கிலப் படையில் ஒருவர் காயமுற்றதாகவே கூறப்படுகின்றது. ஆயினும் படைச்சட்டம் ஒக்டோபர் 10 வரை நீடித்தது. ஓகஸ்ட் 8இற் புரன் அப்பு கண்டியிற் சுடப்பட்டான். இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பின்படி பதினெட்டுப் பேர் கொல்லப்பட்டனர்.

குடாப்பொல தேரர்

அவர்களுள் ஒருவர் குடாப்பொல தேரர். கிளர்ச்சியாளரோடு தொடர்பு வைத்திருந்தார், ஒருவருக்கு அரசத்துரோகச் சத்தியம் செய்வித்தார் என்பன அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களாகும். அவர் வாளெடுத்தார் என்றோ எவரையும் கொன்றார் என்றோ குற்றச்சாட்டு இல்லை. சத்தியம் செய்வித்ததே மரண தண்டனைக்குப் போதுமாயிற்று. விசாரணையைக் கேட்டிருந்த வழக்குரைஞர் சிலர் சாட்சியங்கள் நம்பத்தக்கனவல்ல என்று கருதினர். அக்கருத்து இராணி வழக்குரைஞர் செல்பியின் வாயிலாகத் தேசாதிபதியை எட்டியது. அவர் தண்டனையை நிறுத்த மறுத்தார். 1848 ஓகஸ்ட் 26இற் குடாப்பொல தேரர் காவியுடையோடே சுட்டுக் கொல்லப்பட்டார்.

‘காவியுடையோடே’ என்ற இச்செய்தி பின்னர் இங்கிலாந்தின் பாராளுமன்றம் வரை சென்றது. இதனை மற்றொரு நாட்டின் நிகழ்ச்சியோடு ஒப்பிடுவது பயன்தரும். மெக்சிக்கோவின் டொலோரஸ் என்னும் ஊரிற் பங்குக் குருவாயிருந்த மிகுவல் இதால்கோ 1810 செப்டெம்பர் 16இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டினார். குவாடலூப்பே அன்னையின் திருவுருவம் அவரது கொடியாயிற்று. 1811இல் அவர் பிடிபட்டபோது, ஸ்பானியர் முதலில் அவரது குருத்துவத்தைச் சடங்குமுறையாகப் பறித்தனர். அதன் பின்னரே, யூலை 30இல், அவரைச் சுட்டனர். ஸ்பானியருக்கும் அக்குருவுக்கும் சமயம் ஒன்று. ஆதலால் குருவைக் கொல்ல அவர்கள் அஞ்சினர். ஆங்கிலேயருக்கோ காவியுடை அந்நியமானது. அதனைக் களையாமற் சுட்டதன் மூலம், இவ்வுடை இனி எவரையும் காக்காது என்று நாட்டுக்கு அறிவித்தனர் போலும். இரு நாடுகளிலும் ஆட்சியாளர் இலக்காகக் கொண்டது ஒரு மனிதனின் உயிரை மட்டுமன்று. அவன் அணிந்திருந்த உடைக்கு மக்களிடமிருந்த மதிப்பையுமாகும்.

இச்செய்கை எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை. இலங்கை நிகழ்ச்சிகளை ஆராயப் பாராளுமன்றக் குழு அமைக்கப்பட்டது. டொரிங்டன் 1850இற் பதவியிழந்து சென்றார். வரிகளுட் பல கைவிடப்பட்டன அல்லது தளர்த்தப்பட்டன. செப்டெம்பரிற் பிடிபட்ட கொங்காலகொட பண்டா உயர்நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை குறைக்கப்பட்டு, கசையடியின் பின் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். முடிசூடியவன் தண்டனை குறைப்புப் பெற, சத்தியம் செய்வித்ததாகக் கூறப்பட்ட துறவி படைச்சட்டக் காலத்திற் சுடப்பட்டமை நீதியின் ஒழுங்கின்மையை வெளிப்படுத்துகின்றது.

மதிப்பீடு

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, பிக்கு கிளர்ச்சிகளின் படைத்தலைவராக இருக்கவில்லை என்பது தெளிவாகும். முடிசூட்டல், சத்தியம் செய்வித்தல், தந்தத்தைக் காத்தல் ஆகிய மூன்றுமே அவர் பணிகள். ஒரு கூட்டத்தை நாடாகவும், ஒரு மனிதனை மன்னனாகவும், ஒரு முறைப்பாட்டைக் கடமையாகவும் மாற்றும் ஆற்றல் இம்மூன்றிலும் அடங்கியிருந்தது. ஆட்சியாளர் தந்தத்தைத் தேடிப் பிடித்ததும் துறவியைச் சுட்டதும் இவ்வாற்றலை நன்குணர்ந்தமையாலேயே.

ஆயினும் இதன் எல்லையும் உணரப்படல் வேண்டும். கிளர்ச்சியாளர் நாடியது பழைய முடியாட்சியின் மீட்சி, குடிகளின் ஆட்சியன்று. இழந்த நிலத்தின் துயரை மன்னன் வந்தால் தீரும் துயராக அவர்கள் கண்டனர். நிலத்தைப் பறித்த சட்டத்தை எதிர்க்கும் மொழி அக்காலத்து விகாரையிடம் இல்லை. வரிகள் தளர்ந்தன, 1840இன் நிலச் சட்டமோ நிலைத்தது. தோட்டங்கள் சப்ரகமுவவிலும் விரிந்தன. கோப்பி அழிந்தபின் தேயிலையும் பின்னர் இறப்பரும் கேகாலையின் மலைகளை மூடின.

ஒரு நூற்றாண்டின் பின் அதே கேகாலையில் அத்துயர் வேறுமுகம் காட்டிற்று. நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கையகப்படுத்தி, நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டது. அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் தலைமையிற் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அத்துமீறல் வழக்கொன்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று, 1950இல் தண்டனைத் தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. அதற்கிடையில் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிவிட்டது.

1840இல் நிலமிழந்த கிராமத்தவனின் பேரன் நிலம் கேட்டது நியாயமே. அந்நிலத்தைத் தன் உழைப்பாற் பண்படுத்திய தொழிலாளியின் பேரன் வெளியேற மறுத்ததும் நியாயமே. இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது ஒரே கட்டளைச் சட்டம். அதனை இயற்றியோர் இருவர் கண்ணிலும் படாது மறைந்துவிட்டனர். குடாப்பொல தேரரின் மரணம் சிங்கள மக்களின் வீரவரலாறாக மட்டும் கற்பிக்கப்படுமாயின் இவ்வுண்மை புலப்படாது. தோட்டத்து மக்களின் வரலாறு மன்னார் வழியில் மடிந்தோரின் துயரக் கதையாக மட்டும் கூறப்படுமாயினும் புலப்படாது. துரைசாமி என்ற பெயரின் கீழ் ஒருகால் ஒன்றுதிரண்ட மலைநாடு இது. இரு வரலாறுகளையும் ஒரே மண்ணின் வரலாறாக எழுதும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. அப்பணியைத் தொடங்கச் சப்ரகமுவவின் மலைகளிலும் பொருத்தமான இடம் வேறில்லை.